ஊர் மலரும் இரண்டு விமானத்தளங்களும்

சென்ற ஆண்டின் முற்பகுதியில் எமது ஊர்ச் சங்கத்தைச் சேர்ந்த இருவர், கோட்-டெ-நெய்ஜில் வான் ஹோர்ன் வீதியில் நான் குடியிருக்கும் தொடர்மாடிக்கு வந்திருந்தனர். சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஊரின் வரலாற்றை எழுதித் தரவேண்டும் என்பது கோரிக்கை. "நீங்கள் கம்பஸிலை சரித்திரம் படிப்பிச்சனீங்கள், சேர். உங்களை விட்டால் வேறை ஆரிட்டைப் போறது?" என்றார் மூத்தவர். பகலில் உறங்கி, இரவில் பிளாஸ்ரிக் மூடிகளைப் பெட்டிகளில் அடுக்கும் ஒருவனை இன்னமும் 'சேர்' என்று கூப்பிட இருவர் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் போதுமாயிருந்தது. ஒப்புக்கொண்டேன்.

எட்டுப் பக்கங்கள் எழுதிக் கொடுத்தேன். மலரில் ஆறு பக்கங்கள் வந்தன. விடுபட்ட இரண்டு பக்கங்களைப் பற்றியதே இக்கட்டுரை. ஊரின் பெயரை இங்கு தவிர்க்கிறேன். பெயரைச் சொன்னால் சங்கத்தையும் சொன்னதாகிவிடும், அவர்களுடன் எனக்குப் பகையில்லை. மாவிட்டபுரத்துக்கும் பலாலிக்கும் இடைப்பட்ட செம்மண் கிராமங்களுள் ஒன்று என்று மட்டும் கொள்க.

ஊர் மலர்களை வாசித்தவர்களுக்கு அவற்றின் அமைப்புத் தெரியும். முதலில் கோயில், பிறகு பாடசாலை, பிறகு ஊரின் பெரியார்கள், அவர்களுடைய பட்டங்கள், கடைசியில் 1990 இடப்பெயர்வு. படங்களை மாற்றிவிட்டால் ஓர் ஊரின் மலரை அடுத்த ஊருக்கும் கொடுத்துவிடலாம். இதற்கு நீண்ட மரபு உண்டு. 1736 அளவில் மயில்வாகனப் புலவர் 'யாழ்ப்பாண வைபவமாலை'யை எழுதியதே மக்கறூன் என்ற ஒல்லாந்த அதிகாரி கேட்டதற்காகத்தான். கேட்டவருக்காக எழுதப்படும் வரலாற்றில் கேட்டவருக்குப் பிடிக்காதவை இராது. இதை விரிவுரை மண்டபத்தில் பல தடவை சொல்லியிருக்கிறேன். எனக்கே அது நேருமென்று எண்ணவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தில் ஹொஸ்கின்ஸ் 1955இல் எழுதிய ஆங்கிலேய நிலக்காட்சி பற்றிய நூல் ஒன்று இருந்தது. ஆவணக்காப்பகத்துக்குப் போகுமுன் காலணியை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போ என்பதே அவர் கட்சி. வேலியும் ஒழுங்கையும் கைவிடப்பட்ட குடியிருப்பின் மேடும் அவருக்கு ஆவணங்கள். பிரித்தானியரின் ஊர் வரலாறும் அதற்கு முன் வெகுகாலம் எம்முடைய மலர்களைப் போன்றதே. தேவாலயம், பிரபுவின் மாளிகை, அவரது வம்சம். 1956இல் ஜோர்ஜ் யுவர்ட் எவன்ஸ் சஃபோக்கிலுள்ள பிளக்ஸ்ஹோல் கிராமத்தின் வயதுபோன கூலிவிவசாயிகளிடம் பேச்சுக் கொடுத்து எழுதியபோதுதான் புல் வெட்டியவனும் வரலாற்றுக்குள் வந்தான். மாளிகையிலிருந்து கொட்டிலுக்கு வர அவர்களுக்கு அவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. நாங்கள் இன்னும் தேர்முட்டியடியிலேயே நிற்கிறோம்.

ஆகவே நான் கிணற்றிலிருந்து தொடங்கினேன். எமது பகுதியில் ஆறு இல்லை, குளமும் சொல்லும்படியாக இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் கிடக்கும் நீர்தான் எல்லாம். புகையிலை, வெங்காயம், வாழை யாவும் துலாவாலும் பட்டையாலும், பின்னர் வோட்டர் பம்பாலும் இறைத்த நீரில் விளைந்தவை. காணி உறுதிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நிலத்தின் பரப்பு எழுதப்படுவதுபோல் கிணற்றில் உள்ள பங்கும், வழியும் வாய்க்காலும் எழுதப்பட்டிருக்கும். ஒரு கிணற்றில் நாலில் ஒன்று, எட்டில் ஒன்று என்று அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குள் பங்கு பிரியும். சீதனமாகப் போகும். வழக்கும் வரும். ஒரு கிணற்றின் உறுதிகளை வரிசைப்படுத்தினால் மூன்று தலைமுறையின் உறவும் பகையும் வெளியே வந்துவிடும்.

ஆனால் உறுதியில் எழுதப்படாத ஒரு விதியும் கிணற்றுக்கு இருந்தது. யார் கயிற்றைத் தொடலாம், யார் தொடக்கூடாது என்பது. எமது வளவின் கிணற்றடியில் நின்று குடத்தை நீட்டிய பெண்களை நான் கண்டிருக்கிறேன். யாராவது அள்ளி ஊற்றும்வரை அவர்கள் நிற்பார்கள். வெயிலில், சில வேளை அரை மணித்தியாலம். அவர்களில் ஒருவர் எமது வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்தவர். அந்தக் கிணற்று நீரைப் பகல் முழுதும் எங்கள் பயிருக்கு மாறிக்கட்டியவர். பாத்திக்கு நீர் பாய்ச்சலாம், குடத்துக்கு மொள்ள முடியாது. நான் ஊற்றியிருக்கிறேன். ஊற்றியது எனக்கு அப்போது நல்ல காரியமாகவே பட்டது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. நான் சொல்வது எழுபதுகளின் பிற்பகுதி. இடையில் 1968இல், எமது ஊரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. உள்ளே விடாமல் தடுத்து நின்றோரின் முன்னணியில் நின்றவர் சி. சுந்தரலிங்கம்: கணிதப் பேராசிரியராகவும் நாட்டின் அமைச்சராகவும் இருந்தவர். படிப்பு மனிதனை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது. எமது ஊரார் அன்று வாசலின் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று எனது அம்மம்மாவிடம் கேட்டு வைத்திருந்ததை அப்படியே எழுதினேன்.

இதுதான் விடுபட்ட முதலாவது பக்கம். "உதெல்லாம் இப்ப ஏன், சேர்? இனிச் சனம் ஒற்றுமையாய் இருக்கிற நேரம்," என்றார்கள். அவர்களது குரலில் கெட்ட எண்ணம் இல்லை. மலரைக் கோயிலில் வைத்து வெளியிடப்போகிறார்கள். நிற்க.

இரண்டாவது பக்கம் மிராபெல் பற்றியது. அது ஊர் வரலாற்றுக்குச் சம்பந்தமில்லை என்று வெட்டப்பட்டது. எனக்கோ அதில்தான் சம்பந்தம் முழுதும் இருந்தது.

1983இற்குப் பின் ஐரோப்பா வழியாக வந்து மொன்றியலில் அகதிக் கோரிக்கை வைத்த எம்மவர் பலரும் கனடிய மண்ணில் முதலில் கால் வைத்தது மிராபெல் விமான நிலையத்தில்தான். 1986 ஓகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 பேரின் கதை எல்லோருக்கும் தெரியும். விமானத்தில் வந்தவர்களின் கதையைப் படமெடுக்க ஒருவருமில்லை. எனது சித்தப்பாவும் மிராபெலில் இறங்கியவரே. "ஒரே வெளி, வீடு வாசல் ஒண்டுமில்லை, பிழையான நாட்டிலை இறக்கிப்போட்டாங்களோ எண்டு நினைச்சன்," என்பார். நான் 2007இல் வந்தேன். அப்போது மிராபெலில் பயணிகள் விமானம் நின்று மூன்று ஆண்டுகள்.

அந்த வெளி ஏன் வெளியாக இருந்தது என்பதைச் சொன்னவர் என்னுடன் இரவு வேலை செய்த ஒரு கியூபெக் முதியவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். எனது அரைகுறைப் பிரெஞ்சுக்கும் அவரது கிராமத்துப் பிரெஞ்சுக்கும் இடையில் கதை விளங்கப் பல மாதங்கள் எடுத்தன. 1969 மார்ச்சில் மத்திய அரசாங்கம் விமான நிலையத்துக்கென 97,000 ஏக்கர் நிலத்தைச் சுவீகரிப்பதாக அறிவித்தது. சென் ஸ்கொலஸ்ரிக், சென் பெனுவா முதலிய விவசாயக் கிராமங்களில் ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் காணியை இழந்தன. அவருக்கு அப்போது பதின்மூன்று வயது. விமான நிலையம் 1975இல் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த பயணிகள் வரவில்லை. எடுத்ததில் சிறு பகுதியே தேவைப்பட்டது. 1985இல் 80,000 ஏக்கர் வரை திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார்கள். 2004இல் பயணிகள் சேவை முடிந்தது. 2014இல் முனையக் கட்டடத்தை இடிக்கத் தொடங்கினார்கள். இதே சென் பெனுவாவைத்தான் 1837 டிசம்பரில் கிளர்ச்சியை அடக்க வந்த கொல்போணின் பிரித்தானியப் படையினர் எரித்தார்கள் என்பதை அவர் நேற்று நடந்ததுபோல் சொல்வார்.

பலாலி விமானத்தளத்தை இரண்டாம் உலகப் போரில் அமைத்தவர்களும் பிரித்தானிய விமானப்படையினரே. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் போகையில் அங்கே இறங்கிப் போயிற்று. 1990 ஜூனில் நாங்கள் ஒரு துணிப்பையுடன் வெளியேறியபோது எனக்கு இருபத்தொரு வயது. தளத்தைச் சுற்றிய கிராமங்கள் உயர்பாதுகாப்பு வலயமாயின. போர் முடிந்து நான்கு ஆண்டுகளின் பின், 2013இல், வலிகாமத்தில் 6,381 ஏக்கரைச் சட்டப்படி சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காணிச் சொந்தக்காரர் நீதிமன்றம் போனார்கள். சிறுகச் சிறுக நிலம் விடப்பட்டது, முழுவதும் அல்ல. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது.

இங்கிலாந்தில் டோர்செற்றில் டைன்ஹாம் என்றொரு கிராமம். 1943 டிசம்பரில் இராணுவப் பயிற்சிக்கென அங்கிருந்த 225 பேர் வரை வெளியேற்றப்பட்டனர். போர் முடியத் திரும்பலாம் என்றே நம்பிப் போனார்கள். 1948இல் நிலம் கட்டாயமாக வாங்கப்பட்டது. இன்று பள்ளிக்கூடமும் தேவாலயமும் காட்சிக்கு உண்டு, குடியிருக்க முடியாது. சொந்த விவசாயிகளுக்கே இதைச் செய்தவர்கள் பலாலியில் என்ன யோசித்திருப்பார்கள்?

மூன்றையும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. மிராபெலில் ஷெல் விழவில்லை. நட்டஈடு குறைவென்றாலும் கொடுக்கப்பட்டது, தேர்தலில் பேசப்பட்டது. எமது ஆட்கள் செத்தார்கள். ஆனால் 'எங்களுக்கு நடந்தது உலகில் வேறு எவருக்கும் நடக்கவில்லை' என்ற வாக்கியத்துடன் முடியும் ஊர் வரலாறு, பக்கத்தில் நின்று மூடி அடுக்குபவனையும் காணாது.

சென்ற இலையுதிர் காலத்தில் அவர் என்னைத் தன் ஊருக்குக் காரில் கூட்டிப்போனார். அவர்களது வீடு நின்ற இடத்தில் சோளம் நின்றது. திரும்பும் வழியில், வரலாறு படிப்பித்தவனின் துர்ப்பழக்கத்தால், "உங்களுக்கு முன்னர் இங்கே யார்?" என்று கேட்டேன். கேட்டதற்குக் காரணமுண்டு. கோட்-டெ-நெய்ஜை 1698இல் துண்டு நிலங்களாகப் பிரித்துக் கொடுத்தவர்கள் மொன்றியல் தீவின் எசமானர்களாயிருந்த சுல்பீசியப் பாதிரிமார். 'கோட்' என்ற சொல்லுக்கே இங்கு அப்படி வரிசையாகக் கிடக்கும் குடியேற்றக் காணிகள் என்றுதான் பொருள். அதே பாதிரிமார் மலைச்சரிவில் தங்கள் மிஷனில் வைத்திருந்த மோஹோக் முதலிய பழங்குடியினரை முதலில் தீவின் வடக்குக்கும், 1721இல் ஓகாவுக்கும் நகர்த்தினார்கள். ஓகா மிராபெலுக்குப் பக்கத்து ஊர். 1990இல் அங்கே மோஹோக் மக்கள் தமது காணிக்காகத் தடுப்பரண் அமைத்து இராணுவத்தின் முன் நின்றார்கள். நாங்கள் ஊரைவிட்டு வெளியேறிய அதே கோடை.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு வீதியைப் பார்த்தபடி, இதையெல்லாம் இப்போது எதற்கு என்றார். கிட்டத்தட்டச் சங்கத்து மூத்தவரின் குரல். அதன்பின் வானொலியைப் போட்டார். வான் ஹோர்ன் சந்தியில் இறக்கிவிடும்போது வழமைபோல் கை கொடுத்தார். அடுத்த கிழமை தொலைபேசி எடுத்து, ஓகா பற்றித் தனது தகப்பன் ஒருமுறை சொன்னதொன்று ஞாபகம் வந்தது, நேரில் சொல்கிறேன் என்றார். இன்னும் சந்திக்கவில்லை.

விடுபட்ட இரண்டு பக்கங்களின் பிரதியை இச்சஞ்சிகையின் ஆசிரியர் குழுவிடம் கொடுத்துள்ளேன். எமது ஊரின் மேற்குப் பக்கத்தார், குறிப்பாகக் கிணற்றடியில் குடத்துடன் நின்றவர்களின் பிள்ளைகள், இதை வாசித்தால் எனது நினைவில் உள்ள பிழைகளை எழுதி அனுப்புமாறு கேட்கிறேன். ஊர்ச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் அவர்களது பெயர்கள் இல்லை. ஒருவர் பாரிஸில் இருப்பதாகக் கேள்வி. பழைய உறுதிகள் கைவசம் உள்ளோர் கிணற்றுப் பங்கு எழுதிய பக்கத்தை மட்டுமாவது படியெடுத்து அனுப்பினால், கிணறுகளின் பட்டியல் ஒன்றையாவது முதலில் செய்துவிடலாம். இதுவரை பதினொரு கிணறுகள் வந்துள்ளன.