தோண்டாமல் சீராகும் குழாய்: செங்கல் மண்ணில் ஒரு வரலாற்றுப் பாடம்



வரலாறு என்றதும் கோட்டையும் கொடியும் போரும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. நான்காம் ஆண்டில் வரலாற்றுப் பாடத்தைத் தொடங்கும் நம் மாணவர்களும் அப்படியே எண்ணுகின்றனர். நம் காலடி மண்ணுக்குள் கிடக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்வதற்குப் பிரிக்பீல்ட்ஸ் மிகப் பொருத்தமான இடம் என்பது என் கருத்து.

பெயரிலேயே செங்கல்

1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூரைப் பெருந்தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டப்பட்ட வீடுகள் அழிந்தன. அதன்பின் ஆங்கிலேய ஆட்சியாளர் சுவெட்டன்ஹாம், நகரத்தைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் கட்ட ஆணையிட்டார். அதற்கான செங்கல் சூளைகள் அமைந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். பின்னர் இரயில்வே தொழிலாளர்களாக வந்த தமிழர்கள் இங்கே குடியேறினர்.

வீடுகள் செங்கல்லால் உயர்ந்தன; கழிவறை மட்டும் வாளியாகவே இருந்தது. கோலாலம்பூர் வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் உள்ள சந்துகள் எதற்காக என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாளிகளை எடுத்துச் செல்லவும் அவை பயன்பட்டன. ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் கழிவைச் சுமந்த வழி அது!

குழாய் வந்தது, முதுமையும் வந்தது

வாளியை ஒழித்தது நிலத்தடிக் குழாய். நம் நாட்டின் பழைய கழிவுநீர்க் குழாய்களில் பெரும்பாலானவை சுட்ட களிமண்ணால் ஆனவை. செங்கல்லின் உடன்பிறப்பு என்றே அவற்றைச் சொல்லலாம். களிமண் குழாய் எளிதில் அரிக்காது. ஆனால், மண் அசைந்தால் அதன் இணைப்புகள் விலகும். அந்த மெல்லிய இடுக்கில் மரவேர் நுழையும். நுழைந்த வேர் பருத்துக் குழாயை அடைக்கும்.

1993-இல் கழிவுநீர்ச் சேவைச் சட்டம் இயற்றப்பட்டது. கழிவுநீர்ப் பணி இண்டா வாட்டர் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2000-இல் அந்நிறுவனத்தை அரசு ஏற்றுக்கொண்டது. இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பொதுக் குழாய்தான் நிறுவனத்தின் பொறுப்பு. வீட்டிலிருந்து பொதுக் குழாய் வரை செல்லும் இணைப்புக் குழாய் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. அது பழுதானால் சிமெண்டு முற்றத்தை உடைக்க வேண்டுமா என்ற கவலை அப்போதுதான் எழுகிறது.

1971: பழைய குழாயே அச்சானது

இதற்கு விடை இலண்டனில் பிறந்தது. 1858-இல் தேம்சு ஆற்றின் துர்நாற்றம் தாங்க முடியாமற்போனது. பொறியாளர் பேசல்கெட் அந்நகருக்குப் பெரும் செங்கல் சாக்கடைகளைக் கட்டினார். நூறாண்டுக்குப் பின் இலண்டனின் பழைய சாக்கடைகள் பழுதடையத் தொடங்கின. மேலே நெரிசலான நகரம், தோண்டுவது எப்படி? 1971-இல் எரிக் வுட் என்பவர் புதுவழி கண்டார். ஹேக்னி பகுதியின் மார்ஷ் லேன் சாக்கடையில் ஏறத்தாழ 70 மீட்டர் நீளத்தைத் தோண்டாமலே சீரமைத்தார்.

முறை எளிமையானது. முதலில் ஒளிப்படக் கருவியைக் குழாய்க்குள் செலுத்திப் பழுதைக் காண்பர். உயர் அழுத்த நீரால் கழுவி, வேர்களை வெட்டுவர். பின்னர், பிசினில் ஊறிய துணிக் குழலை உள்ளே செலுத்துவர். காலுறையை உட்புறம் வெளியே வருமாறு திருப்புவதுபோல, நீர் அல்லது காற்றின் அழுத்தத்தால் அது திரும்பிக்கொண்டே முன்னேறும். பிசின் பூசிய பக்கம் பழைய குழாயின் சுவரோடு ஒட்டும். வெந்நீர், நீராவி அல்லது புற ஊதா ஒளியால் அது இறுகும். பழைய குழாய்க்குள் இணைப்பே இல்லாத புதிய குழாய் பிறந்துவிடும். வேர் நுழைய இடுக்கு ஏது?

எல்லாவற்றிற்கும் மருந்தா?

இல்லை. குழாய் முற்றிலும் இடிந்திருந்தாலோ, நடுவில் தொய்ந்து நீர் தேங்கினாலோ உறை பயன்படாது. அது பழைய குழாயின் வளைவையே பின்பற்றும். மிகவும் சிதைந்த குழாய்க்கு வேறொரு முறை உண்டு. 1970-களின் இறுதியில் பிரிட்டனில் எரிவாயுக் குழாய்களுக்காக உருவான அம்முறையில், பழைய குழாயை உள்ளிருந்தே உடைத்துத் தள்ளியவாறு புதிய குழாயை இழுப்பர். அதற்கும் இரு முனைகளில் குழி தேவை. ஆகவே, ஒளிப்பதிவைக் காட்டாமல் விலை பேசுபவரிடம் பெற்றோர் வேலையை ஒப்படைக்க வேண்டாம். சில பிசின்களின் வாடை வீட்டுக்குள் வரும். அதனால் தரைக் குழாய்ப் பொறிகளில் நீர் ஊற்றி, சன்னல்களைத் திறந்து வைப்பது நல்லது.

நாம் கற்பிக்க வேண்டியது

நம் நாட்டில் கழிவுநீர்ச் சட்டம் வந்த அதே 1993-இல்தான், கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டது. 2013-இல் மேலும் வலுவான சட்டம் வந்தது. ஆயினும், சாக்கடைக்குள் இறங்கியவர் மூச்சுத்திணறி இறந்த செய்தி தமிழகத்திலிருந்தும் வந்துகொண்டுதான் இருக்கிறது. கருவி இருந்தும் மனிதனை இறக்குகிறார்கள் என்றால், அது தொழில்நுட்பத்தின் குறையன்று, மனத்தின் குறை.

"படிக்காவிட்டால் சாக்கடை அள்ளத்தான் போவாய்" என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பேச்சு நம்மிடையே இன்னும் உள்ளது. அந்தச் சொல்லை ஆசிரியர்களும் பெற்றோரும் கைவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். வாளி சுமந்தவர், குழாய் பதித்தவர், உறை கண்டறிந்தவர் ஆகிய மூவரும் ஒரே வரலாற்றின் மாந்தர்கள். அவர்களை மதிக்கக் கற்ற மாணவனே நாளை மனிதன் இறங்கத் தேவையில்லாத ஒரு கருவியைச் செய்வான்.

உங்கள் கருத்துகளையும் எழுதுங்கள், அன்பர்களே.