அயல்மொழி எது?

ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவில் மாலையில் சிறிது நேரம் அமர்ந்தால் தமிழும் கன்னடமும் உருதுவும் ஆங்கிலமும் மாறிமாறிச் செவியில் விழும். இவற்றுள் எதனை அயல்மொழி என்பது? மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என்னை நெடுநாளாக விடாத வினா இது.

அமெரிக்காவில் ஆஸ்கார் விருது வழங்கும் கழகமும் இவ்வினாவுக்கு விடை தேட நேர்ந்தது. தொடக்கத்தில் பிறமொழிப் படங்களுக்கென அங்கே தனி விருது இல்லை. 1948ஆம் ஆண்டு விழாவில் 'ஷூஷைன்' என்னும் இத்தாலியப் படத்துக்குச் சிறப்பு விருது அளித்தனர். 1956ஆம் ஆண்டுப் படங்கள் தொட்டே போட்டி முறை ஏற்பட்டது.

அதன் அடிப்படை விதி, நாட்டுக்கு ஒரு படம் என்பதாகும். அப்படத்தை அந்தந்த நாட்டுக் குழுவே தேர்ந்து அனுப்பும். நம் நாட்டில் இப்பொறுப்பு இந்தியத் திரைப்படச் சம்மேளனத்தைச் சேர்ந்தது. வந்த படங்களை ஆங்கில வரிகளின் துணையோடு பார்த்துக் கழகத்தார் வாக்களிப்பர். இப்போதைய முறைப்படி முதலில் பதினைந்தும், பின்னர் ஐந்தும் எஞ்சும்.

ஒருமொழி நாட்டுக்கு இவ்விதி எளிது. பலமொழி நாட்டிலோ போட்டி வீட்டுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. 1957இல் வெளிவந்த 'மதர் இந்தியா' என்னும் இந்திப் படம் நம் நாட்டின் சார்பில் சென்று இறுதி ஐவருள் ஒன்றாயிற்று. தமிழுக்கு அந்த வாய்ப்பு 1969இல், சிவாஜி கணேசன் மூன்று வேடங்களில் நடித்த 'தெய்வமகன்' வாயிலாகக் கிட்டியது. பின்னர் 1987இல் 'நாயகன்', 2016இல் 'விசாரணை', 2021இல் 'கூழாங்கல்' முதலியன சென்றன. இந்நான்கும் இறுதி ஐந்தை எட்டவில்லை. ஒரு மொழியின் படம் செல்லாத ஆண்டில் அம்மொழிக் கலை தாழ்ந்துவிட்டதென்று வருந்த வேண்டுவதில்லை. ஆண்டுக்கு ஒன்றே செல்லலாம் என்னும்போது ஏனைய மொழிகள் காத்திருக்கத்தானே வேண்டும்?

தமிழகத்துக்கு வெளியே வாழும் நாம் கருதத்தக்க செய்தி வேறொன்று உண்டு. ஒரு நாடு தன் நாட்டு மொழியிலமைந்த படத்தையே அனுப்பவேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு 2006இல் நீங்கியது. உடனே கனடா, தீபா மேத்தா இயக்கிய 'வாட்டர்' என்னும் இந்திப் படத்தை அனுப்பிற்று. அதுவும் இறுதி ஐந்தினுள் இடம்பெற்றது. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரோ 2008இல் 'மை மேஜிக்' என்னும் தமிழ்ப் படத்தைத் தன் பெயரால் அனுப்பியது. எரிக் கூ இயக்கிய அப்படம், குடிப்பழக்கத்தில் வீழ்ந்த ஒரு தந்தையையும் அவர் மகனையும் பற்றியது. கடல் கடந்து சென்ற தமிழ், சென்ற நாட்டின் குரலாகவே அங்கு ஒலித்தது.

2019இல் அவ்விருதின் பெயரிலிருந்து 'அயல்மொழி' என்னும் சொல்லையே நீக்கி, 'பன்னாட்டுத் திரைப்படம்' என்று மாற்றினர். உரிய சொல்லைக் காண அவர்களுக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின. கன்னட மண்ணில் தமிழ் பேசி, அண்டை வீட்டாரோடு அவர் மொழியில் அளவளாவும் நம்மவர் பலருக்கு அந்தப் பாடம் அன்றாட வாழ்விலேயே கைவந்ததன்றோ?