தூரமும் கூட்டிசையும்: 'சாந்த்ர்' இசைத்தட்டு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இசை பலர் கூடியிருந்து நிகழ்த்தும் கலை என்பது நெடுங்காலமாக நிலவிவரும் கருத்தாகும். பாடகர் ஒரு சங்கதியை எடுக்க, வயலின் வாசிப்பவர் மறுகணமே அதனை ஏற்றுப் பதிலிறுப்பதை நமது கச்சேரி மேடைகளிற் காண்கின்றோம். அவ்வாறாயின், ஒருவர் வாசித்ததை மற்றவர் வேறொரு கண்டத்திலிருந்து, காலந் தாழ்த்திக் கேட்டுப் பதிலிறுக்கும் இசையைக் கூட்டுப்படைப்பு எனக் கொள்ளல் தகுமா? 2007ஆம் ஆண்டு வெளிவந்த 'சாந்த்ர்' என்னும் இசைத்தட்டின் வரலாறு இவ்வினாவைத் தெளிவுற எழுப்புகின்றது.

இதன் வேர்களை 1972ஆம் ஆண்டிலே காணலாம். அவ்வாண்டில் கிற்றார்க் கலைஞரான றொபேட் பிரிப்பும் பிறையன் ஈனோவும் இலண்டனில் இரண்டு ஒலிப்பதிவுப் பொறிகளை இணைத்துப் பரிசோதனையொன்றை நிகழ்த்தினர். முதலாவது பொறியிற் பதிவான நாடா இரண்டாவதை அடைந்து ஒலிக்கும். அவ்வொலி மீண்டும் முதலாவதிற் பதிவாகும். இதனால், சில கணங்களுக்கு முன் வாசித்தது திரும்பிவந்து புதிய ஒலியோடு கலந்து படலம் படலமாகப் பெருகியது. 1960களில் ரெறி றைலி கையாண்ட முறையின் தொடர்ச்சியே இது. கலைஞன் தனது கடந்த கணத்தோடு சேர்ந்து வாசிக்கும் நிலை இங்கு தோன்றியமை குறிப்பிடத்தக்கது. இப்பரிசோதனையின் பயனான இசைத்தட்டு 1973இல் வெளிவந்தது. கூர்ந்து கேட்பாருக்கும் கவனியாதிருப்பாருக்கும் ஒருங்கே இடமளிக்கும் இத்தகைய இசைக்கு 'அம்பியன்ற்', அதாவது சூழலிசை, என்ற பெயரை 1978இல் ஈனோ வழங்கினார்.

ஒஸ்திரியாவின் வியன்னாவைச் சேர்ந்த கிறிஸ்ரியன் பெனெஸ் இம்மரபின் அடுத்த தலைமுறையினர். கிற்றாரின் ஒலியைக் கணினியினூடாகச் செலுத்தி, நரம்பின் அடையாளம் மங்கி இரைச்சலும் இனிமையும் கலக்குமாறு செய்தமை அவரது சாதனையாகும். 2001இல் வெளிவந்த 'என்ட்லெஸ் சமர்' அவருக்குப் புகழீட்டித் தந்தது. யப்பானியரான றியூயிச்சி சகமொட்டோவோ பியானோவிலும் இலத்திரனியல் இசையிலும் திரைப்பட இசையிலும் முன்னரே புகழ்பெற்றவர். 2004இல் இருவரும் உரோமாபுரியில் ஒரே மேடையில் இசைத்தனர்.

அதன்பின், 2006 வரை, வியன்னாவுக்கும் நியூயோர்க்குக்குமிடையே ஒலிப்பதிவுகள் பரிமாறப்பட்டன. சிலவேளை பெனெஸ் கிற்றார்ப் பதிவொன்றை அனுப்பச் சகமொட்டோ அதற்குப் பியானோ இயற்றினார். சிலவேளை பியானோ முந்திற்று. எவரும் நிரந்தரத் தலைவராகவோ பக்கவாத்தியக்காரராகவோ அமையவில்லை. இவ்வாறு உருவான பதினொரு உருப்படிகளைக் கொண்ட தட்டுக்குச் 'சாம்பல்' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லே பெயராயிற்று.

இம்முறையில் உயிரோட்டமான உரையாடல் இழக்கப்படுகின்றது என வாதிடுவாருமுளர். வாசித்துக்கொண்டிருக்கும் ஒருவரைத் தனது வாசிப்பால் அக்கணமே திசைதிருப்பும் ஆற்றல் மற்றவருக்கு இல்லாதொழிகின்றமை உண்மையே. ஆயின், மேடையிற் கிட்டாத ஒன்று இங்கு கிட்டுகின்றது. பதிலிறுப்பவர் ஒரே பதிவைப் பன்முறை கேட்கலாம். வாசிக்காது விட வேண்டிய இடங்களையும் தேர்ந்துகொள்ளலாம். 'சாந்த்ர்' தட்டிற் பியானோவின் ஒவ்வொரு சுரத்துக்கும் பின் நீளும் அமைதியும், அவ்வமைதியை நிரப்பிவிடாது சூழ்ந்து நிற்கும் கிற்றாரின் புகைப்படலமும் இத்தகைய பொறுமையான செவிகொடுத்தலின் விளைவுகள் எனலாம். 1972இல் நாடா ஏற்படுத்திய சில கணத் தாமதமே இங்கு இரு நகரங்களுக்கிடையே விரிந்தது எனினும் பொருந்தும்.

எனினும் தூரம் மட்டுமே இவ்விசையைப் படைத்தது எனக் கூறுதல் மிகையாகும். மேடைப் பழக்கம் பரிமாற்றத்துக்கு முந்தியது. இறுதி ஒலிக்கலவையும் நியூயோர்க்கில் இருவரும் கூடியிருந்தபோதே நிகழ்ந்தது. 2011இல் வெளிவந்த 'புளூமினா' இம்முறையை மேலும் விரித்தது. யப்பானில் நிகழ்த்திய கச்சேரிகளிற் சகமொட்டோ ஒவ்வொன்றாக வாசித்த, வெவ்வேறு சுருதியமைப்பிலான இருபத்து நான்கு பியானோ உருப்படிகளே அதற்கு அடிப்படையாயின.

சகமொட்டோ 2023ஆம் ஆண்டு மார்ச்சில் மறைந்தார். அப்பரிமாற்றம் இனித் தொடராது. ஆயினும் அவ்விரு தட்டுக்களும் ஓர் உண்மையை நிலைநாட்டியுள்ளன: கூட்டிசைக்கு இன்றியமையாதது ஒரே அறையன்று, மற்றவர் ஒலிக்குச் செவிசாய்த்து, தன் முறை வரும்வரை காத்திருக்கும் மனமேயாகும்.