கொடைக்கானல் மலைச்சாலையில் வேகத்தின் வரலாறு

பழனி மலைத்தொடரில் வண்டியின் வேகம் ஒரு சிக்கலாக உருவெடுத்தது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் கொடைக்கானலுக்குப் போன துரையும் சுமைகாரரும் காலடி வேகத்தில்தான் மலை ஏறினார்கள். இன்று அதே மலையில் வளைவுக்கு வளைவு முந்திச் செல்லும் மோட்டார் சைக்கிள்கள் பஸ் ஓட்டுநர்களுக்கும் சாலையோரக் கடைக்காரர்களுக்கும் அன்றாடக் காட்சி. சாலையின் வளைவுகள் பெரும்பாலும் பழைய தடத்திலேயே இருக்கின்றன, மாறியிருப்பது வண்டி. கொடைக்கானலில் கண்மூடித்தனமான ஓட்டத்தின் வரலாறு, இந்த இரண்டுக்கும் இடையே விரிந்துகொண்டே போன இடைவெளியின் வரலாறு.

தோள்களின் காலம்

லெப்டினன்ட் பி. எஸ். வார்டு 1821-இல் பழனி மலைகளை அளந்தார். மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி 1845-இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மதுரை ஆட்சியராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். சென்னையிலிருந்து சூரிய ஆய்வகம் 1899-இல் இங்கே வந்தது. ஊர் இவ்வளவு வளர்ந்த பிறகும் மலைக்கு வண்டிப் பாதை இல்லை. பங்களாக்களுக்கான சாமான்களும் ஆய்வகத்துக்கான கருவிகளும் மோட்டார் சாலை இல்லாத நாளில்தான் மேலே போயின.

அக்காலத்துப் பயணம் இரண்டு கட்டமாக நடந்தது. திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875-இல் ரயில் வந்தபின், பயணிகள் இன்று கொடைரோடு எனப்படும் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து மாட்டுவண்டியில் சுமார் 50 கிலோமீட்டர் சென்றால் பெரியகுளத்துக்கு அருகே மலையடிவாரத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரும். வண்டிப் பயணம் அதோடு முடிந்தது. அதற்கு மேல் சுமார் 18 கிலோமீட்டர் குதிரைப்பாதை. வசதி உள்ளவர்கள் மட்டக்குதிரையிலோ, சுமைகாரர்கள் தோளில் தூக்கும் டோலியிலோ, நாற்காலியிலோ ஏறினார்கள், மற்றவர்கள் நடந்தார்கள். ஏறுவதற்குப் பகலில் பெரும்பகுதி கழிந்தது. பாதையில் ஆபத்து இல்லாமல் இல்லை. ஆனால் அது சறுக்கலாலும் மழையாலும் காய்ச்சலாலும் வந்தது. எதிரே வருபவரின் வேகத்தால் வரவில்லை.

சரிவுக் கணக்கு

குதிரைப்பாதை செங்குத்தானது. அடிவாரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். இந்த 1,800 மீட்டர் உயரத்தை 18 கிலோமீட்டரில் ஏறுவதென்றால் பத்தடிக்கு ஓரடி ஏற்றம். குதிரைக்கும் மனிதனுக்கும் இது தாங்கும். சுமையேற்றிய வண்டிக்குத் தாங்காது. வண்டிக்கான சாலை அதே உயரத்தை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளத்தில் பரப்பிக்கொண்டது. அப்போது சரிவு சராசரியாக 28 அடிக்கு ஓரடியாகக் குறைகிறது. நீளத்தைக் கூட்டியதால்தான் சாலை மலையின் மடிப்புகளுக்குள் புகுந்து புகுந்து வளைகிறது. அதாவது வளைவுகள், ஏற்றத்தைக் குறைக்கச் சாலை கொடுத்த விலை.

இந்தச் சாலைக்குத் தடம் வகுத்த மேஜர் லா என்ற பொறியாளரின் பெயரால் அது இன்றும் லாஸ் காட் ரோடு எனப்படுகிறது. பல ஆண்டுகள் தடைபட்டும் தொடர்ந்தும் நடந்த வேலை 1914-இல் முடிந்தது. 1916-இல் சாலை பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. வத்தலக்குண்டிலிருந்து வரும் வண்டி, காட்ரோடு பிரிவில் மலையைத் தொட்டு, எலிவால் அருவி தெரியும் டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி அருவி, செண்பகனூர் எனப் படிப்படியாக ஏறுகிறது. பழனியிலிருந்து வரும் மலைச்சாலை பெருமாள்மலையில் இதனோடு சேர்கிறது. குதிரையும் டோலியும் சில ஆண்டுகளில் வழக்கொழிந்தன. உட்பகுதியில் வெள்ளகவி போன்ற ஊர்களுக்கு மட்டும் அதன் பிறகும் நெடுங்காலம் நடையும் குதிரையுமே கதியாக இருந்தன.

குதிரைக்கு எழுதிய சட்டம்

கண்மூடித்தனமான ஓட்டத்தைத் தண்டிக்கும் சட்டம் மோட்டார் வண்டியைவிட மூத்தது. 1860-இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவு, பொதுவழியில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படியோ காயம் நேரக்கூடிய வகையிலோ வண்டி ஓட்டுவதையும் சவாரி செய்வதையும் குற்றமாக்கியது. அதை எழுதியவர்களின் மனக்கண்ணில் இருந்தவை குதிரையும் குதிரைவண்டியும்தான். யாருக்கும் காயம் ஏற்பட்டிருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. ஆபத்து நேரும்படி ஓட்டியதே குற்றம். உச்ச தண்டனை ஆறு மாதச் சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கான 304-ஏ பிரிவு 1870-இல் சேர்ந்தது. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 279, பிரிவு 281 ஆகியிருக்கிறது. மரணம் விளைவித்தலுக்கான சிறைத்தண்டனை இரண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்ந்தது. பொதுவழியில் தாறுமாறாக ஓட்டுவதற்கான அபராத உச்சமோ, 1860-இல் இருந்த அதே ஆயிரம் ரூபாய்.

மோட்டாருக்கென்றே இந்தியா முழுவதற்கும் பொதுவான முதல் சட்டம் 1914-இல் வந்தது; கொடைக்கானல் சாலை கட்டி முடிந்ததும் அதே ஆண்டில்தான். வண்டிப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் அதனால் கட்டாயமாயின. 1939-இலும் 1988-இலும் அதன் இடத்தில் விரிவான சட்டங்கள் வந்தன. மலைச்சாலைக்குப் பொருந்தும் இரண்டு விதிகளை 1989-இன் சாலை ஒழுங்குமுறைகள் எழுத்தில் வைத்தன. அகலம் போதாத இடத்தில் இறங்கும் வண்டி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். வளைவிலும் ஏற்றத்திலும் முந்தக் கூடாது. முதல் விதியின் காரணம் எளிது. சரிவில் நின்றுவிட்ட சுமைவண்டி மறுபடி நகர்வது கடினம்.

பஸ்ஸிலிருந்து பைக்குக்கு

சாலை திறந்த பிறகு பல பத்தாண்டுகள் மலையின் வேகத்தைத் தீர்மானித்தவை பஸ்களும் லாரிகளும்தான். தென்மாவட்டங்களில் தனியார் பஸ் போக்குவரத்து வேரூன்றிய காலம் அது. 1910-களின் தொடக்கத்தில் பஸ் விட்ட டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் மதுரையை மையமாகக் கொண்டு வளர்ந்தது. பஸ் ஓட்டுநருக்குக் கால அட்டவணை உண்டு, முதலாளி உண்டு, பின்னால் நாற்பது ஐம்பது பயணிகள் உண்டு. சாலை தடுக்காத இடத்திலும் இவை அவர் காலைத் தடுத்தன.

மோட்டார் சைக்கிள் இந்தத் தடைகளை நீக்கிவிட்டது. சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் 1955-இல் புல்லட்டுக்காகத் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. 1960-களில் ஜாவாவும் ராஜ்தூத்தும் வந்தன. இவையெல்லாம் அரசு அலுவலர், எஸ்டேட் கண்காணிப்பாளர், வியாபாரி போன்றவர்களின் வண்டிகள். ஓசூரில் 1980-இல் தயாரான டிவிஎஸ் 50 மொபெட், இருசக்கர வண்டியைச் சிறு விவசாயி வீட்டுக்கும் கொண்டுவந்தது.

திருப்பம் 1980-களின் நடுவில் நேர்ந்தது. ஜப்பானியக் கூட்டுறவில் 100 சிசி வண்டிகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. 1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 எடையில் நூறு கிலோவை ஒட்டியது, முறுக்கியதும் பாயும். இளைஞர்கள் மோட்டார் சைக்கிளை வேகத்துக்காகவே விரும்பத் தொடங்கியது அந்த வண்டியிலிருந்துதான் என்று சொல்லலாம். 2001-இல் பஜாஜ் பல்சர் அந்த விருப்பத்தைப் பெருங்கூட்டத்துக்கு விரித்தது. 2013-இல் விற்பனைக்கு வந்த கேடிஎம் டியூக் 390 ஏறக்குறைய 43 குதிரைத்திறன் கொண்டது. பழைய 350 சிசி புல்லட்டின் திறன் பதினெட்டை ஒட்டியது. அரை நூற்றாண்டில் ஒருவர் கைக்குள் அடங்கும் ஆற்றல் இரண்டு மடங்குக்கும் மேலாயிற்று. சாலையும் தார் கண்டு மெருகேறியது. அந்த மெருகும் வேகத்துக்கே உதவியது.

வளைவில் நடப்பது

இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1934-இல் தொடங்கப்பட்ட அமைப்பு. அதன் மலைச்சாலை வழிகாட்டுதல் கொண்டை ஊசி வளைவுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். உள்வளைவின் ஆரம் குறைந்தது 14 மீட்டர். அத்தகைய வளைவில் 40 கிலோமீட்டரில் திரும்பினால் வண்டியை வெளியே தள்ளும் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. வேகத்தின் வர்க்கத்தோடு விசை ஏறுவது இயற்பியல். ஓட்டுபவரின் திறமை அதை மாற்றுவதில்லை.

பார்வைத் தூரம் அடுத்த கணக்கு. தடையைக் கண்டு பிரேக்கில் கைவைக்க 2.5 வினாடி ஆகும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் அளவு. 20 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி 14 மீட்டர் ஓடுகிறது. 60 கிலோமீட்டரில் 42 மீட்டர். எதிரெதிரே இருவரும் 60-இல் வந்தால், இருவரும் பிரேக் பிடிக்கும் முன்பே இடைவெளியில் 80 மீட்டருக்கு மேல் கரைந்துவிடும். பாறை மறைக்கும் மலை வளைவுகள் பலவற்றில் அவ்வளவு தொலைவு கண்ணுக்கே தெரியாது. மூடுபனி இறங்கினாலும், இரவில் காட்டுமாடு சாலைக்கு வந்து நின்றாலும் அது இன்னும் சுருங்கும்.

மோட்டார் சைக்கிளுக்கே உரிய இன்னோர் ஆபத்தும் உண்டு. வலப்பக்க வளைவில் சாய்ந்து திரும்பும்போது சக்கரங்கள் நடுக்கோட்டுக்கு இப்பால் இருந்தாலும் ஓட்டுபவரின் தலையும் தோளும் எதிர்ப்பாதைக்குள் நீண்டுவிடுகின்றன. கோட்டைத் தாண்டவில்லை என்று அவர் நினைக்கும்போதே பஸ்ஸின் முகப்பு அவர் தலைக்கு நேரே வரக்கூடும்.

இறக்கம் வேறு வகை. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பது மலை ஓட்டுநர்களின் பழைய பாடம். கியரில் இருக்கும்போது என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கினால் முழுச் சுமையும் பிரேக் மேல் விழுகிறது. சூடேறிய பிரேக் பிடிமானத்தை இழக்கிறது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இந்த என்ஜின் பிடிப்பு குறைவு. சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகிய சுற்றுலாப் பயணிக்கு இது பெரும்பாலும் மலையில்தான் தெரியவருகிறது.

களமும் பொதுச்சாலையும்

வேகப் போட்டிக்குத் தமிழ்நாட்டில் முறையான களம் இல்லாமலில்லை. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரம் விமானத்தளத்தில் பந்தயங்களை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிக்களம் வந்தது. அங்கே எதிரே வண்டி வராது. விழுந்தால் சரிந்து நிற்க இடம் உண்டு. மருத்துவ வண்டி காத்திருக்கும். மலைச்சாலையில் இந்த மூன்றும் இல்லை.

கைபேசியும் ஹெல்மெட் கேமராவும் வந்த பிறகு வேகத்துக்குப் பார்வையாளர் கூட்டம் சேர்ந்தது. முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டும் வீலிங் காணொளிகளுக்குப் பெருகிய வரவேற்பு அரசின் கவனத்துக்கு வந்தது. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலுசெட்டிசத்திரம் அருகே நெடுஞ்சாலையில் வீலிங் செய்ய முயன்று விழுந்த யூடியூபர் ஒருவர் கைதானார். அவருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் ஜாமீன் மறுத்தது. அவருடைய ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு நிறுத்தப்பட்டது.

2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் தண்டனைகளை ஏற்கெனவே கூட்டியிருந்தது. பொதுச்சாலைப் பந்தயத்துக்கு 500 ரூபாயாக இருந்த அபராதம் 5,000 ஆயிற்று. மறுமுறை பிடிபட்டால் 10,000. ஆபத்தான ஓட்டத்துக்கு முதல் முறை 1,000 முதல் 5,000 வரை. பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் செய்தால் பாதுகாவலர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள் என்ற மத்திய அரசுக் கணக்கு இந்தக் கடுமை ஏன் தேவை என்பதைக் காட்டும்.

கொடைக்கானலுக்கென வந்த அண்மைய கட்டுப்பாடு இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 என்று உச்சவரம்பும் வைக்கப்பட்டது. இது நெரிசலைக் கருதி எழுந்த ஏற்பாடு. எத்தனை வண்டி ஏறுகிறது என்பதை அது கணக்கிடுகிறது. எப்படி ஓட்டுகிறார்கள் என்பது அதன் எல்லைக்குள் இல்லை.

கண்டவரின் சொல்

தாறுமாறான ஓட்டம் நடந்தது என்பதை நீதிமன்றத்தில் நிறுவ நெடுங்காலம் கண்டவரின் சாட்சியமே முதன்மை ஆதாரமாக இருந்தது. அந்தச் சாட்சியம் எப்படி இருக்க வேண்டும் என்பதை 1998-இல் உச்ச நீதிமன்றம், கர்நாடக அரசுக்கும் சதீஷ் என்பவருக்கும் இடையிலான வழக்கில் விளக்கியது. லாரி அதிவேகமாக வந்தது என்று சாட்சிகள் சொன்னார்கள். அதிவேகம் என்றால் எவ்வளவு என்று யாரும் விளக்கவில்லை. வேகமாக வந்தது என்பதாலேயே அலட்சியம் நிரூபணமாகாது என்று கூறி நீதிமன்றம் தண்டனையை நிலைநிறுத்த மறுத்தது. மலைச்சாலைக்கு இந்தத் தீர்ப்பு நன்றாகப் பொருந்துகிறது. சமவெளியில் சாதாரணமான 50 கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவில் கொலைவேகம். ஆகவே சாட்சியின் சொல்லுக்கு வலுத் தருவது வண்டி எங்கே, எப்படிப் போனது என்ற விவரம்: வளைவில் முந்தியது, எதிர்ப்பாதையில் வந்தது, முன்சக்கரம் தூக்கியிருந்தது, ஏறும் பஸ்ஸுக்கு வழிவிடாதது.

விபத்தைக் கண்டவர்கள் விலகிப் போவதற்குக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேருமே என்ற அச்சம் பெரிய காரணமாக இருந்தது. 2016 மார்ச் 30-இல் உச்ச நீதிமன்றம், காயமடைந்தவருக்கு உதவுபவர் தன் பெயரைச் சொல்லவோ சாட்சியாக வரவோ கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்ற வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலு அளித்தது. 2019 திருத்தம் அதை 134-ஏ பிரிவாகச் சட்டத்திலேயே சேர்த்தது. ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும் மலைச்சாலையில் முதலில் கை கொடுப்பவர்கள் பின்னால் வரும் பஸ்ஸில் இருப்பவர்களும் சாலையோரக் கடைக்காரர்களுமே. அதே திருத்தத்தின் 136-ஏ பிரிவு நெடுஞ்சாலைகளில் வேகம் அளக்கும் கருவி, கேமரா போன்ற மின்னணுக் கண்காணிப்புக்கு வழி செய்தது. இதனால் வேகத்தை மதிப்பிடும் வேலை மனிதக் கண்ணிலிருந்து கருவிக்கு மாறி வருகிறது. ஓட்டியவரே பெருமைக்காகப் பதிவு செய்த காணொளியும் இப்போது அவருக்கு எதிரான ஆதாரம்.