முதியோர் சேவைகளில் நல முரண் தடுப்பு (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

முதியோருக்கு அரசுப் பணத்தில் உதவி ஏற்பாடு செய்பவர் அதைத் தம் சொந்த ஆதாயத்துக்குத் திருப்பிவிடாதிருக்க வகுக்கப்பட்ட விதிகள். 1965ஆம் ஆண்டின் முதிய அமெரிக்கர் சட்டம் இவற்றின் அடித்தளம். மாநில முகமைகளும் 1973இல் உருவான வட்டார முதியோர் முகமைகளும் உணவு, வீட்டு உதவி போன்றவற்றைப் பொதுவாகத் தாமே நடத்தக் கூடாது. வேறு வழியில் போதிய சேவை கிடைக்காதபோதும், அதே தரத்தில் செலவு குறையும்போதும் விலக்கு உண்டு.

வருமானம் குறைந்தோருக்கான மெடிகெய்டு திட்டத்தின் 2014 விதி இன்னும் கூர்மையானது. ஒருவருக்கு வீட்டுப் பராமரிப்பு அளிக்கும் நிறுவனமே அவருக்கு எவ்வளவு பராமரிப்பு தேவை என்று திட்டமிடக் கூடாது. மணிக்கணக்கு கூடினால் அதன் வருவாயும் கூடுமல்லவா? இரண்டு பணிகளுக்கும் ஒரே நிறுவனம்தான் கிடைக்கும் ஒதுக்குப்புறப் பகுதிகளில் மாநிலம் அதை நிரூபித்து விலக்குப் பெறலாம். விதி தளர்வது இங்கேதான். தனியே கண்காணிக்க வேண்டியதும் இதைத்தான்.

பராமரிப்பு இல்லவாசிகளின் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மனுக்குக் கட்டுப்பாடு மிகக் கடுமை. முதிய அமெரிக்கர் சட்டத்தின் 1978 திருத்தம் இப்பதவியை எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கியது. அவரோ அவர் குடும்பத்தாரோ இல்லங்களில் முதலீடு வைத்திருப்பதும், இல்லங்களுக்கு உரிமம் வழங்கும் பணியில் இருப்பதும் தடைசெய்யப்பட்டவை. தனிநபரின் முரணைவிட நிறுவனத்தின் முரணே சிக்கலானது. ஆம்புட்ஸ்மன் அலுவலகம் பெரும்பாலும் அரசுத் துறை ஒன்றுக்குள்ளேயே இயங்குகிறது. அதே துறை இல்லங்களுக்கு உரிமமோ நிதியோ வழங்கலாம். அத்தகைய முரண்களைக் கண்டறிந்து, நீக்கி, அறிக்கையிட வேண்டும். முகமைகள் அனைத்துக்கும் எழுத்துபூர்வக் கொள்கையைக் கோரும் ஒழுங்குவிதிகள் 2024இல் வெளியாயின.