காடியும் ஆப்பிள் வினிகரும்



நம்ம சோமனூர் மளிகைக் கடையிலேயே இப்போது ஆப்பிள் சைடர் வினிகர் பாட்டில் கிடைக்கிறது. "தினமும் குடித்தால் சர்க்கரை போய்விடும், தொப்பை கரைந்துவிடும்" என்று வாரம் ஒரு வாட்ஸ்அப் செய்தியும் வருகிறது. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாமா என்று நம்மில் இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

வினிகர் நமக்குப் புதிதல்ல. தமிழில் அதற்குக் காடி என்று பெயர். சித்த மருத்துவத்தில் மருந்துச் சரக்குகளைச் சுத்தி செய்யக் காடி பயன்படுகிறது. இலங்கைத் தமிழர்கள் வினாகிரி என்பார்கள். பண்டைய கிரேக்கத்தில், ஹிப்போகிரேட்டஸ் பெயரில் உள்ள மருத்துவ நூல்களிலேயே தேனும் காடியும் கலந்த மருந்து வருகிறது.

காடி புளிப்பதற்குக் காரணம் நுண்ணுயிர்கள் என்று 1864-இல் காட்டியவர் பிரான்சின் லூயி பாஸ்டர். ஆப்பிள் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றும். பிறகு ஒரு வகை பாக்டீரியா, காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அதை அசிட்டிக் அமிலமாக்கும். பாட்டிலில் இருப்பது சுமார் 5 சதவீதம் அந்த அமிலம். திருப்பூர் சாயப்பட்டறைகளில் துணியிலுள்ள காரத்தை முறிக்க ஊற்றுகிறார்களே, அதே அமிலம்தான். பழைய சோற்றுத் தண்ணீரின் புளிப்பு வேறு. அது பெரும்பாலும் லாக்டிக் அமிலம்.

ஆப்பிள் வினிகருக்கு மருந்து என்ற பெயரைப் பரப்பியதில் பெரும்பங்கு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில டாக்டர் ஜார்விஸுக்கு உண்டு. 1958-இல் வந்த அவருடைய நாட்டு மருத்துவ நூல் அங்கே அமோகமாக விற்றது. ஆனால் ஆய்வுகள் வெகுகாலம் கழித்தே வந்தன. 2004-இல் அரிசோனா பல்கலைக்கழகம் ஒன்றில் 29 பேருக்கு, மாவுச்சத்து உணவுக்கு முன் தண்ணீர் கலந்த வினிகர் கொடுத்துப் பார்த்தார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்குச் சாப்பிட்டபின் சர்க்கரை ஏறுவது ஓரளவு குறைந்தது. 2009-இல் ஜப்பானில் 12 வாரம் குடித்தவர்களுக்கு எடை ஒன்றிரண்டு கிலோதான் குறைந்தது.

2024-இல் லெபனானிலிருந்து வந்த ஆய்வு, 12 வாரத்தில் 6 முதல் 8 கிலோ வரை குறைந்ததாகச் சொன்னது. உலகமே அதைப் பகிர்ந்தது. அதன் புள்ளிவிவரங்கள் நம்பத்தக்கவை அல்ல என்று அதை வெளியிட்ட இதழே 2025 செப்டம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தச் செய்தியை மட்டும் நமக்கு யாரும் அனுப்பவில்லை!

குடிக்க ஆசைப்பட்டால் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போதும். அப்படியே குடித்தால் பல் எனாமல் அரிக்கும், தொண்டை புண்ணாகும். இன்சுலின் போடுபவர்களும் வயிற்றுக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க, சாமி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்கள் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்