கலந்தது எவ்வளவு, பிணைந்தது எவ்வளவு? கைட்டோசான்–காலிக் அமில ஆய்வுகள் குறித்து

இயற்கைப் பாலிமர் கரைசலில் தாவரச் சேர்மம் ஒன்றைக் கலந்து படலமாக வார்த்துவிட்டு, பாலிமரையே மாற்றியமைத்துவிட்டதாக எழுதும் வழக்கம் உயிர்ப்பொருள் துறையில் பெருகியிருக்கிறது. அந்த உரிமைகோரலுக்குப் போதிய சான்று பல நேரங்களில் இருப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இறால், நண்டு ஓடுகளிலுள்ள கைட்டினிலிருந்து அசெட்டைல் தொகுதிகளை நீக்கினால் கைட்டோசான் கிடைக்கும். அதன் அமைன் தொகுதிகள் அமிலத்தில் நேர்மின்சுமை ஏற்பதால் அது நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கரைகிறது. பாக்டீரியாவின் எதிர்மின்சுமை கொண்ட புறப்பரப்பைத் தாக்குவதும் பெரிதும் அதே சுமையால்தான். கடுக்காய் டானினை நீராற்பகுத்தால் வரும் காலிக் அமிலத்துக்கு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறன் உண்டு. இரண்டும் சேர்ந்தால் காயக்கட்டுக்கும் உணவு உறைக்கும் ஏற்ற பொருள் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானதே.

சிக்கல் அளவீட்டில் இருக்கிறது. வெறுமனே கலந்த படலத்தில் காலிக் அமிலத்தைப் பிடித்து வைத்திருப்பவை மின்சுமை ஈர்ப்பும் ஹைட்ரஜன் பிணைப்பும்தான். உப்புக்கரைசலில் ஊறவைத்தால் அது கசிந்துவிடும். ஆக்சிஜனேற்றத் தடுப்பை அளக்கும் டிபிபிஹெச் சோதனை ஊதா நிறம் வெளுப்பதை மட்டுமே காட்டும். வெளுக்கச் செய்தது பிணைந்த மூலக்கூறா, கசிந்த மூலக்கூறா என்று பிரித்துச் சொல்லாது. டயாலிசிஸ் செய்து கட்டற்ற அமிலத்தை நீக்கிய பிறகும் அணுக்கரு காந்த ஒத்திசைவு நிறமாலையில் 7 பிபிஎம் அருகே அரோமாட்டிக் உச்சி நின்றால்தான் சகப்பிணைப்பு நடந்தது என நம்பலாம்.

பிணைப்புக்கும் விலை உண்டு. கார்போடைஇமைடு வழியில் அமைடு பிணைப்பு உருவாகும்போது, பாக்டீரியா எதிர்ப்புக்குத் தேவையான அமைன்களே செலவாகின்றன. அஸ்கார்பிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கொண்டு ஒட்டவைத்தால், பெராக்சைடு கைட்டோசான் சங்கிலியையே வெட்டக்கூடும். கூடுதல் ஆக்சிஜனேற்றத்தில் காலிக் அமிலத்தின் ஃபீனால் பகுதி குவினோனாகிப் பழுப்பேறும். எந்தத் திறனுக்காகச் சேர்த்தோமோ அதுவே குறையும். இந்த இழப்புகளை அட்டவணையில் காட்டும் கட்டுரைகள் குறைவு.

சகப்பிணைப்பு இல்லாவிட்டால் எதுவும் நிலைக்காது என்று சொல்ல வரவில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலே அதற்கு மறுப்பு. அங்கே டானின் கொலாஜனைப் பற்றுவது பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பால்தான். ஆனால் டானின் பெரிய மூலக்கூறு. ஒரே சமயத்தில் பல இடங்களில் பற்றிக்கொள்ளும். பதனிடுவோர் அதை வாய்ச்சொல்லாக விடுவதில்லை. தோல் துண்டைத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றி, அது சுருங்கத் தொடங்கும் வெப்பநிலையைக் குறிக்கிறார்கள். பச்சைத்தோல் ஏறத்தாழ 60–65 டிகிரி செல்சியஸில் சுருங்கும். தாவரப் பதனீடு அதை 75–85க்கு உயர்த்தும். காலிக் அமிலமோ கடுக்காய் டானினின் சிறு துண்டு. தனியாகத் தோலைப் பதனிடும் வலு அதற்கில்லை. டானின் கலந்த படலத்தின் உறுதியைக் காலிக் அமிலம் கலந்த படலத்திடம் எதிர்பார்ப்பது தவறு. மெல்லக் கசிவதே நோக்கமாக உள்ள மருந்துக்கட்டுக்குக் கலப்பே போதும்; அப்போது அதைக் கலப்பு என்றே எழுதலாம்.

கழுவிய பின் தங்கிய ஃபீனால் அளவு, மிஞ்சிய அமைன் அளவு, பிணைப்புக்கு முன்னும் பின்னும் பாலிமரின் மூலக்கூறு எடை ஆகிய மூன்றும் இல்லாத கட்டுரைகளை இதழாசிரியர்கள் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.